பிறையில் போட்ட சாம்பல்

டிசம்பர் பௌர்ணமிப் போயாவோடு நல்லதண்ணியில் யாத்திரை சீசன் தொடங்கினால், மே மாத வெசாக் வரை மலைப்பாதையில் இரவெல்லாம் விளக்கு எரியும். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். கடைசிப் படிகளில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கிழவிகளும் ஏறுகிறார்கள். உச்சியில் இருப்பது ஒரேயொரு பாதச்சுவடு. பௌத்தர்களுக்கு அது புத்தருடையது, தோட்டத்துச் சனங்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது.

மேலே தெரியும் நிலாவிலும் சுவடுகள் உண்டு. 1969 முதல் 1972 வரை 12 பேர் அங்கே நடந்தார்கள். காற்றோ மழையோ இல்லாததால் தடம் அப்படியே கிடக்கிறது. சிவன் சடையில் சூடிய பிறையை மனிதன் மிதிக்கலாமா? பாதத்தையே கும்பிடுகிற சமயத்துக்கு இதில் பெரிய சங்கடமில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்கு இந்தியா 'சிவசக்தி' என்றே பெயர் வைத்தது.

சங்கடம் வேறு இடத்திலிருந்து வந்தது. 2024 ஜனவரி 8 அன்று அஸ்ட்ரோபொட்டிக் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் 'பெரெகிரின்' கலம் நிலாவுக்குப் புறப்பட்டது. நாசாவின் கருவிகளோடு, இறந்தவர்களின் அஸ்தியும் சிறு குப்பிகளில் கட்டணச் சரக்காக ஏறியிருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் தலைவர் பூ நைக்ரன், நிலா தங்களுக்குப் புனிதமானது, அங்கே எச்சங்களைக் கொண்டுபோய் வைப்பது அவமதிப்பு என்று எதிர்த்தார். விஞ்ஞானி ஷூமேக்கரின் அஸ்தி 1998இல் நிலாவுக்குப் போனபோதும் அவர்கள் இதையே சொன்னார்கள். அஸ்தி அனுப்பிய நிறுவனம் அதை ஏற்கவில்லை. 1967இன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அங்கே என்ன வைக்கலாம், யாரைக் கேட்டு வைக்கலாம் என்பதற்கு அதில் தெளிவான விடையில்லை.

நவாஹோக்காரரின் மனக்குறையைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயில்லை. பௌர்ணமி வந்தால் இலங்கை முழுக்கச் சாராயக்கடையைப் பூட்டுகிறவர்கள் நாம்.

காசு வாங்கியதைவிட, அஸ்தியைக் குப்பியில் அடைத்ததுதான் நம்மவர்களுக்கு உறுத்தும். ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவதே நம் வழக்கம். உயிர் போன பிறகு உடம்பிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். நிலாவில் தண்ணீர் ஓடவில்லை. போட்டது போட்டபடி கிடக்கும். அதுதான் அங்கே விற்பனைச் சரக்கே.

கலம் நிலாவைத் தொடவில்லை. புறப்பட்ட சில மணி நேரத்தில் எரிபொருள் கசியத் தொடங்கியது. பத்து நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, குப்பிகளோடு சேர்ந்து தென் பசிபிக் கடலுக்கு மேலே எரிந்துபோனது.