ஓட்டமும் வேட்கையும்

மூணாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் நாம் தம்மம் பற்றிப் பேசி முடித்த ஞாயிறு மாலையில், கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் எழுந்து வினவினார்: "ஐயா, துன்பத்திற்கு வேட்கையே வேர் என்கிறீர்கள். விடியுமுன் எழுந்து பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். உங்களைத் துரத்துவது யார்?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம், விடை கூறினோமில்லை. அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை என்பதே உண்மை.

கேள்வியில் நியாயம் உண்டு. கால்களைக் கூலிக்கு விற்றுப் பிழைத்தவர்கள் நாம். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் சைடராக நின்றோம். நின்றோம் என்பது பிழை; நடந்தோம். அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு இயந்திர வரிசைகளின் நடுவே ஒரு ஷிப்டில் எத்தனை மைல் நடந்தோம் என்பதை எவரும் அளந்ததில்லை. சங்கு ஊதினால் ஓட்டம். அத்தகையவன் ஓய்வு பெற்ற பின்னும் ஓடுவானாயின், பழைய நுகத்தடியின் பழக்கமோ இது என்று ஐயுறுவது இயல்பே.

ஐம்பத்தோராம் வயதில், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்ததென்று மருத்துவர் எச்சரித்ததன் மேல் நாம் நடக்கத் தொடங்கினோம். ஹைதர் அலி 1766இல் எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றி நடை, பிறகு மெல்லோட்டம். அதுவரை குற்றமில்லை. கையில் ஒரு கடிகாரம் ஏறியது. உடன் ஓடும் இளைஞர்களின் கணக்கு மனத்தில் ஏறியது. அரை மாரத்தான் எனப்படும் 21 கிலோமீட்டர்ப் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்து, மூன்றே வாரத்தில் ஓடும் தொலைவை இரட்டித்தோம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதங்கள் வேண்டும். மூச்சு இடங்கொடுத்ததே என்று ஓடியவனின் குதிகால் நாண் வீங்கிற்று. "கால் நோகிறதா?" என்று இல்லாள் கேட்டார். "இல்லை" என்றோம். மேடையேறிப் பஞ்சசீலத்தை விளக்கும் வாய், ஒரு பதக்கத் தகட்டிற்காக நான்காம் சீலத்தை வீட்டுக்குள்ளேயே மீறியது. பந்தயத்திற்கும் போகவில்லை, மூன்று மாதம் திண்ணையில் இருந்தோம். குதிகாலின் வலியைவிட அந்த "இல்லை" என்ற சொல்லே நம்மை அதிகம் வருத்தியது.

திண்ணையில் இருந்தபோதுதான் ஆனந்தரும் உண்ணாபர் என்னும் பிராமணரும் கோசம்பியில் உரையாடிய சுத்தம் நினைவுக்கு வந்தது. விருப்பத்தை விருப்பத்தாலேயே ஒழிப்பது முடிவில்லாத வேலையன்றோ என்று உண்ணாபர் வாதிட்டார். இந்தச் சோலைக்கு வரவேண்டுமென்ற விருப்பம் முன்பு உமக்கு இருந்ததல்லவா, வந்து சேர்ந்தபின் அது தணிந்துவிட்டதல்லவா என்று ஆனந்தர் கேட்டார். ஆம் என்றார் அவர். சேர்ந்ததும் தணிவது ஒருவகை விருப்பம். சேர்ந்த இடத்திலேயே இன்னும் பெரிதாய் வளர்வது வேறொன்று, அதுவே வேட்கை. நாம் பத்துக் கிலோமீட்டரைத் தொட்ட நாளில் நம் மனம் தணியவில்லை, இருபத்தொன்றைக் கேட்டது. எதற்காக ஓடுகிறோம் என்பதை ஓட்டத்தின் தொடக்கத்தில் ஆராய்ந்து பயனில்லை. வீடு திரும்பிக் கால் கழுவும்போது மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

அளவு மீறிய முயற்சிக்குச் சோணரே சான்று. செல்வத்தில் வளர்ந்து துறவு பூண்ட அவர், நடைபாதை குருதியாகும் வரை நடந்து பயின்றார். மிக முறுக்கிய வீணை நரம்பும் இசைக்காது, தளர்ந்ததும் இசைக்காது என்று பகவான் அவரைத் தெளிவித்த செய்தியை அன்பர்கள் அறிவார்கள். அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். ஒற்றைத்தோல் செருப்பு அணியப் பகவான் அவருக்கு இசைவளித்தார். பொன்னை விட்டவன் செருப்பில் பற்று வைத்தான் என்று உலகம் பேசும், சங்கத்தார் அனைவர்க்கும் இசைவானால் மட்டுமே அணிவேன் என்றார் சோணர். அவ்வாறே அனைவர்க்கும் இசைவு கிடைத்தது. (மாதச் சம்பளத்தில் பாதியை ஒரு ஜோடி ஓட்டக் காலணிக்குக் கொடுக்கும் இளைஞர்களைக் காணும்போது நமக்குச் சோணர் நினைவு வருவதுண்டு.)

இடுக்கி மாவட்டத்து முல்லக்கானத்தில் பிறந்து, பாலக்காட்டில் இரயில்வே பணியேற்ற பிரீஜா ஸ்ரீதரன், 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 31 நிமிடம், 50 விநாடி. இரண்டாவதாக வந்த கவிதா ராவுத் ஏறக்குறைய ஒரு விநாடியே பிந்தினார். அந்த ஓட்டம் 400 மீட்டர்த் தடத்தில் இருபத்தைந்து சுற்று. அரை மணி நேரம் உலகம் அவரைக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் விடியல்களை யார் கண்டார்? அந்த விடியல்களுக்கெல்லாம் ஆர்வம் ஒன்றே எழுப்பியிருக்கும் என்று நாம் நம்பவில்லை. ஆர்வம் விருந்தாளி, வரும், போகும். பழக்கமே வீட்டார்.

ஆதலின் நம் பழக்கத்தை மிகச் சிறிதாக்கிக் கொண்டோம். இரவே காலணியை வாயிற்படியில் வைப்போம். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தொடுவதால் ஐந்து மணிக்கே புறப்பாடு. களைத்த நாளில் ஆலமரம் வரை போனால் போதும் என்பது உடன்பாடு. போனபின் திரும்பினாலும் குற்றமில்லை. உடன் வருபவரோடு பேச முடியாத வேகம் நமக்கு வேண்டாத வேகம். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. மார்கழியில் கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையாறு நோக்கி ஓடினால், கணவாயின் கீழ்க்காற்று மார்பில் அறையும். திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளும். அந்த வேகத்தை நம் வலிமை என்று எண்ணிப் பெருமிதம் கொண்ட காலமும் இருந்தது. கடிகாரத்தை இப்போது பேரனிடம் கொடுத்துவிட்டோம்.

சென்ற தை மாதம் மீண்டும் அத்தோட்டத்திற்குச் சென்றோம். யாரும் துரத்தவில்லை, முன்பு ஒருவன் துரத்தினான், அவனும் நாமே என்று அம்மையாரிடம் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு, தாம் நாள்தோறும் ஏறும் சரிவைக் காட்டி, "இதில் ஓடுங்கள், பார்ப்போம்" என்றார். ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்துக் காற்று. மூன்றாம் வளைவில் மூச்சு முட்டி நடக்கலானோம். கூடையைச் சுமந்தபடியே அவர் நம்மைக் கடந்து மேலே போனார்.