தாமார் சத்தமாகவே அழுதாள்



சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரம் ஞாயிறு வாசகத்தில் வருவதில்லை. அதனால் உங்களில் பலர் கோயிலில் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். தாவீதின் மகன் அம்னோன், மாற்றாந்தாய் மகள் தாமார்மேல் ஆசைப்பட்டு உருகி மெலிந்தான். நோயாளியாக நடித்துப் படுத்துக்கொண்டு, அவள் கையால்தான் பணியாரம் வேண்டும் என்றான். சுட்டுக்கொண்டு வந்தவளை, கெஞ்சக் கெஞ்சக் கெடுத்தான். உடனே வேலைக்காரனைக் கூப்பிட்டு, அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் சொன்னான். காதலாம்!

முன்பு நான் இருந்த பங்கில், பாடகர் குழுவில் ஒரு பிளஸ் டூ மாணவி. பாட்டு நோட்டின் மேலேயே போன் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பீடம் பின்னால் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்து அனுப்புவாள். பக்தி என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். கோயிலில்தான் இருக்கிறாள் என்று 'அவனுக்கு' நிரூபித்துக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டு அவனிடம். யாரோடு பேசலாம் என்பதும் அவன் முடிவு. பதில் தாமதமானால் கையை அறுத்துக்கொள்வேன் என்பான். விலகினால் போட்டோவைப் போட்டுவிடுவேன் என்பான்.

"ரொம்பப் பொசசிவ், ஃபாதர்," என்றாள்.

பிள்ளைகளே, அதற்குப் பெயர் கொடுமை. பையன்களுக்கும் இது நடக்கிறது. வெட்கத்தில் அவர்கள் வாயே திறப்பதில்லை.

வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னா போனைப் பிடுங்கிட்டு மாப்பிள்ளை பார்ப்பாங்க."

தாமார் மறைக்கவில்லை. தலையில் சாம்பலைப் போட்டு, உடையைக் கிழித்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். கூடப்பிறந்த அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். தாவீது அரசர் கோபப்பட்டார், அதோடு சரி. இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்தில் கொலை விழுந்தது. அப்படியாவது மானம் மிஞ்சியதா?

பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால், "நீ ஏன் அவனோடு பேசினே?" என்று ஆரம்பிக்காதீர்கள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த நேரமும் அழைக்கலாம். மகளிர் காவல் நிலையமும் இருக்கிறது. பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் அதே சட்டத்தில் குற்றம். அப்சலோம் சொன்ன யோசனைக்கு இன்று சிறைத்தண்டனை உண்டு.

அந்தப் பெண் கடைசியில் தன் சித்தியிடம் சொன்னாள். சித்தி திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.

அந்த இரண்டு எண்களையும் கோயில் வாசல் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது பிள்ளைகளோடு நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.