திருத்துவோன் கடன்

பிழை கண்ட இடத்தில் அதனைத் திருத்துதல் நல்லோர் கடமை என்பது உலகறிந்த கருத்து. ஆயினும், திருத்தப் புறப்படுவோர் தம் அளவுகோல் செம்மையானதுதானா என்று முதலில் சோதித்தல் வேண்டாவா? நல்லெண்ணம் ஒன்றையே துணையாகக் கொண்டு, சோதியாத கோலால் பிறவற்றைத் திருத்துதல் அறமாகுமா? இவ்வினாவுக்கு விடை காண அறநூல்களை மட்டுமே புரட்ட வேண்டுவதில்லை. வீட்டுக் கூடத்தில் பவள உயிர்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியும் விடை தரும்.

கடல்நீரின் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு. பவளப்பாறைகள் செழித்திருக்கும் கடல்களுள் பெரும்பாலானவை இவ்வளவை ஒட்டியே நிற்கின்றன. பரந்த கடலில் இந்த உவர்ப்பு எளிதில் மாறுவதில்லை. சிறு தொட்டியிலோ நாள்தோறும் மாறுகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. 100 லிட்டர் நீரில் 10 லிட்டர் ஆவியாகிவிட்டால், 35 என்றிருந்த உவர்ப்பு ஏறத்தாழ 39 ஆகிவிடும். ஆதலின், இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று வாளா இருத்தல் இங்குப் பொருந்தாது. கடலைத் தொட்டியில் அடைத்தவன் கடலின் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். நாள்தோறும் ஆவியான அளவுக்கு உப்பில்லாத தூய நீரை ஊற்றுவது அப்பொறுப்பின் முதற்படி.

அடுத்த படி அளத்தல். நீரில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் திரவமானியைப் பலர் பயன்படுத்துகின்றனர். இக்கருவிகளுள் சில 15.6 பாகை செல்சியசு வெப்பநிலைக்கென அளவு குறிக்கப்பெற்றவை. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் தொட்டி நீர் 27 பாகையில் இருக்கக்கூடும். வெப்பம் மிகுந்த நீர் அடர்த்தி குறைந்தது. எனவே, சரியான உவர்ப்புடைய நீரையும் அக்கருவி ஏறத்தாழ 4 பங்கு குறைத்துக் காட்டும். அதனை நம்பிய வளர்ப்பாளர் உப்பைச் சேர்ப்பார். கருவி 35 என்று காட்டும் வேளையில் நீர் உண்மையில் 39ஐ எட்டியிருக்கும். குறையில்லாத இடத்தில் குறை கண்டு, அதனைத் திருத்தியதாலேயே குறை பிறந்துவிட்டது! கருவி பொய் சொல்லவில்லை. குளிர்நாட்டு அளவை வெப்பநாட்டில் கேட்டதே பிழை.

ஒளிவிலகல்மானி இதனினும் நுட்பமானது. எனினும், இவ்வகைக் கருவிகளுள் பல கடல்நீருக்காக அன்றி, வெறும் சமையலுப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. அவை 35 பங்கு உவர்ப்புள்ள கடல்நீரை 36.5 என்று காட்டும். தூய நீரில் கருவி சுழியைக் காட்டுகிறதே, அது போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. ஒன்றுமில்லாத இடத்தில் நேர்மையாக நிற்றல் எளிது. வேண்டிய இடத்தில் நேர்மையாக நிற்கிறதா என்பதே சோதனை. இதற்கென உவர்ப்பு 35 என உறுதிசெய்யப்பட்ட கரைசல் கடைகளில் கிடைக்கிறது. 36.5 கிராம் தூய சமையலுப்பை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தும் அதற்கு ஈடான கரைசலை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். ஒளிவிலகல்மானியில் அக்கரைசலை இட்டு, 35 காட்டுமாறு கருவியைச் சரிசெய்தல் வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழும். கருவியைக் கரைசல் சோதிக்கிறது. கரைசலைச் சோதிப்பது எது? கோலுக்குக் கோல் தேடிச் சென்றால் முடிவுதான் உண்டா? இவ்வினாவை அறிவியலாரும் எதிர்கொண்டனர். 'சேலஞ்சர்' கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் உலவித் திரட்டிய நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் ஆராய்ந்தார். கடலுக்குக் கடல் உவர்ப்பு மாறினும் உப்புகளின் விகிதம் பெரிதும் மாறுவதில்லை என்று 1884இல் அவர் காட்டினார். பின்னர், மார்ட்டின் குனுட்சனின் முயற்சியால் கோப்பன்ஹேகனில் ஆக்கப்பெற்ற பொது அளவு நீரைப் பல நாட்டாரும் ஒப்பிட்டுக்கொண்டனர். 1978இல் வகுக்கப்பட்ட அளவுமுறையோ, எடையும் வெப்பநிலையும் வரையறுக்கப்பட்ட பொட்டாசியம் குளோரைடு கரைசலை அடிப்படையாகக் கொண்டது. அதனை எந்நாட்டு ஆய்வுக்கூடமும் ஆக்கிச் சோதிக்கலாம். ஆக, கோல்களின் வரிசை ஒரு பெரியவரின் சொல்லில் முடியவில்லை. எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க பொது அளவில் முடிகிறது. 'நான் சொல்வதால் சரி' என்போன் கையிலுள்ளது கோல் அன்று; வெறும் குச்சியே.

கோல் செம்மையாயிற்று, பிழையும் உறுதியாயிற்று. உடனே திருத்திவிடலாமா? அதுவும் ஆகாது. பவளமும் உடுமீனும் தம் உடலின் உவர்ப்பைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதவை. வெளிநீர் மாறினால் அவற்றின் உள்நீரும் மாறும். ஆகவே, ஒரு நாளைக்கு ஒரு பங்கு அளவுக்கு மேற்படாமல் மாற்றுவதே நன்று. உவர்ப்பு மிகுந்தால் சிறிது தொட்டி நீரை எடுத்துத் தூய நீரைச் சேர்க்கலாம். குறைந்தால், ஆவியான நீருக்கு ஈடாகச் சில நாள் உப்புநீரையே ஊற்றிவரலாம். பிழை பிழைதானே, அதனை ஒரு நொடியில் களைந்தால் என்ன என்பது ஆத்திரக்காரர் வாதம். வழுவிய அளவில் பல நாள் வாழப் பழகிய உயிருக்குத் திடீரென வந்த சரியான அளவும் தீங்காகும். திருத்தம் உயிருக்காகவே அன்றி எண்ணுக்காக அன்று.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். அக்கோல் தான் முதலில் சமனாக நின்று, பின்னரே பிறவற்றை எடைபோடுகிறது. ஆசிரியர் கையிலுள்ள சிவப்பு மையும், பெற்றோர் நாவிலுள்ள கண்டிப்பும், தலைவர் கையிலுள்ள அதிகாரமும் அளவுகோல்களே. பிறந்த இடத்தில் சரியாக இருந்த கோல் வந்த இடத்தில் வழுவியிருக்கலாம். ஒரு தலைமுறைக்குப் பொருந்திய அளவு அடுத்த தலைமுறையின் வெப்பத்தில் மாறிக் காட்டலாம். அதற்காகக் கோலை எறிந்துவிடுதலும் அறமன்று. திருத்தாமல் விட்ட தொட்டியில் உயிர்கள் மடியும். நல்லெண்ணம் திருத்துவதற்குத் தூண்டுகோல் ஆகலாம், அளவுகோல் ஆகாது. தன் கோலைப் பொது அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, பின்னர்ப் பொறுமையோடு கைவைப்பவனுக்கே பிறரைத் திருத்தும் உரிமை உண்டு.