காவலனுக்கு யார் காவல்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் என் மகன் கடைக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தான். "வாப்பா, லைசென்ஸ் கட்டிய தேதியில் எல்லாம் இதரச் செலவு என்று ஒரு தொகை இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. காகிதம் தாமதமாகாமல் இருக்க ஓர் உத்தியோகஸ்தருக்கு நான் கொடுத்த கோப்பிக் காசு அது. என் கணக்கில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். கிராமுன் காத்திபீன் எழுதும் ஏட்டில் என்ன பெயரோ!

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சர்க்காருக்குக் கட்டுப்படாத ஓர் ஊழல் தடுப்பு ஆணையம் இருந்தால் இந்த நோய் தீருமா?

சகோதரர்களே, இது நம் மார்க்கத்துக்குப் புதிய விஷயமன்று. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்கள் சொத்தைக் கணக்கெடுத்து வைத்துக்கொள்வார்களாம். புகார் வந்தால் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்புவார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கூஃபாவின் ஆளுநர் மீது புகார் வந்தபோது, அந்த ஆளுநரை உடன் வைத்துக்கொண்டே பள்ளி பள்ளியாகச் சென்று மக்களிடம் விசாரித்தார்கள். ஆளுநர் பெரிய ஸஹாபி ஆயிற்றே என்று விசாரணை நிற்கவில்லை. அனுப்பப்பட்டவர் ஆளுநரின் கீழ் வேலை செய்பவரல்லர் என்பதே அதன் பலம்.

ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே போலீஸ் ஊழலை விசாரிக்கும் இலாகா போலீசுக்குள்ளேயே இருந்தது. 1973-இல் கோட்பர் என்ற பெரிய போலீஸ் அதிகாரி, தம் சொத்துக்குக் கணக்குக் கேட்டதும் ஊரை விட்டே தப்பிவிட்டார். மக்கள் வீதிக்கு வந்தார்கள். 1974 பிப்ரவரியில் போலீசுக்கு வெளியே, ஆளுநருக்கு நேரே பதில் சொல்லும் தனி ஆணையம் அமைந்தது. கோட்பரைத் திரும்பக் கொண்டுவந்து நான்கு ஆண்டு சிறையில் வைத்தார்கள். ஆகவே முடியாது என்று சொல்வதற்கில்லை.

நம் நாட்டிலும் 1967-இல் ஊழல் தடுப்பு நிறுவனமும், 2009 ஜனவரியில் இன்றைய ஊழல் தடுப்பு ஆணையமும் வந்தன. ஆனால் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி அமைந்தது? தலைமை ஆணையரை மாமன்னர் நியமிப்பது பிரதமரின் ஆலோசனைப்படி. ஆணையம் விசாரிக்கலாம், வழக்குப் போட அரசாங்க வழக்குரைஞரின் சம்மதம் வேண்டும். நாயை வாசலில் கட்டியாயிற்று. சங்கிலியோ வீட்டுக்காரர் கையில்!

இதன் பலன் என்ன என்பதை 2015-இல் கண்டோம். எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 42 மில்லியன் ரிங்கிட் பற்றி ஆணையம் விசாரித்தது. அவ்வாண்டு ஜூலையில் சட்டத்துறைத் தலைவர் மாற்றப்பட்டார். ஆகஸ்டில் ஆணையத்தின் அதிகாரிகள் இருவரைப் பிரதமர் இலாகாவுக்கு மாற்றி, எதிர்ப்பு எழுந்ததும் அதை ரத்துச் செய்தார்கள். 2016 ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர் குற்றம் எதுவும் இல்லை என்று கூறி விசாரணையை முடிக்கச் சொன்னார். 2018 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலையில் அதே விவகாரத்தில் முன்னாள் பிரதமர் நஜிப் மீது வழக்கு! 2020-இல் 12 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024-இல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கியது.

விவகாரமும் அதேதான், ஆணையமும் அதேதான். மாறியது மேலே இருந்த கை மட்டுமே. அந்தக் கையை மாற்றியது யார்? ஓட்டுப் போட்ட நீங்களும் நானும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2009 ஜூலையில், ஷா ஆலமில் ஆணையத்தின் அலுவலகத்துக்குச் சாட்சி சொல்லப் போன தியோ பெங் ஹோக், மறுநாள் அதே கட்டிடத்தில் கீழே பிணமாகக் கிடந்தார். ஆகவே காவலனுக்கும் காவல் வேண்டும். அதிகாரத்துக்கு அஞ்சாதவன் அல்லாஹ்வுக்கும் நீதிமன்றத்துக்கும் அஞ்சியே ஆகவேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். லஞ்சம் வாங்குபவனை மட்டுமல்ல, கொடுப்பவனையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்தார்கள். ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர், "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்று பிரித்து வைத்தபோது, அவர் தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் நின்று கேட்டார்கள். நான் கொடுத்த கோப்பிக் காசும் அந்த மனிதர் நாற்காலிக்கு வந்ததுதானே, அவருக்கு வந்ததன்று!

நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது: கொடுப்பதும் குற்றம், கேட்டால் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். 2020 ஜூன் முதல், ஆள் லஞ்சம் கொடுத்தால் கம்பெனியும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்.

"எல்லோரும் கொடுக்கிறார்களே, நான் ஒருவன் கொடுக்காவிட்டால் கடைதானே மூடும்?" என்பீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். நம் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் ஒரு மின்மினி மின்னினால் யாருக்கும் தெரிவதில்லை. மரம் முழுவதும் மின்னும்போது பார்க்க ஊர் ஊராக ஜனங்கள் வருகிறார்கள். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கையை மூடிக்கொண்டால், கேட்பவருக்கும் வெட்கம் வரும். ஜமாஅத்தில் இதைப் பேசுவோம். புகார் செய்யும் கடைக்காரரைத் தனியே விடாமல் கூடப் போவோம்.

ஆணையம் வேண்டும்; அதன் சங்கிலியும் அவிழ வேண்டும். ஆனால் கொடுக்கிற கை நீண்டுகொண்டே இருந்தால் எந்த ஆணையமும் எண்ணி மாளாது.

அடுத்த மாதம் என் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். கட்டணத்தை மட்டும் கட்டி, ரசீது வாங்கி வருவதாக நிய்யத் வைத்திருக்கிறேன். மகனையும் அழைத்துப் போகிறேன். தாமதமானால் தாமதமாகட்டும். எனக்காக துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ஆட்சியாளர்களுக்கு அமானிதத்தையும், காவலர்களுக்குத் துணிவையும், வியாபாரிகளாகிய எங்களுக்கு ஹலாலில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.