‘தூய’ என்னும் அடைமொழி



‘தூய’ என்பது இலக்கணத்தில் குறிப்புப் பெயரெச்சம். பின்னே ஒரு பெயர் வந்தாலன்றி அதன் பொருள் முற்றுப்பெறாது. பெயர் வந்தபின்னரும் அப்பொருள் துறைக்குத் துறை வேறுபடுகிறது.

திருப்பூர்ப் பனியன் வணிகத்தில் ‘தூய பருத்தி’ என்றால் செயற்கை இழை கலவாதது என்பதே பொருள். சலவைப்பட்டறையில் தூய துணி என்பது, பருத்தியின் இயற்கையான பழுப்பும் மெழுகும் நீங்கி வெளுத்த துணி. வேதியியலார்க்குத் தூய நீர், கரைந்த பொருள் ஏதுமற்ற நீர். குடிப்பவர்க்கோ அவ்வாறன்று, குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த பொருள்கள் இருப்பதை இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. நம் இல்லங்களில் வடிகட்டிய நீரைத் தூயது என்கிறோம். அங்கே நோக்கம் உடல்நலம் மட்டுமன்று; நீரில் வாழும் சிற்றுயிர்க்கு ஊறு நேராமையும் ஆகும். ஆசாரியர் குந்தகுந்தரின் சமயசாரத்தில் ‘சுத்த’ என்னும் அடை, வினைக்கலப்பற்ற ஆன்ம இயல்பைச் சுட்டுகிறது.

இவற்றுள் எது சரி? ஒவ்வொன்றும் ஒரு நோக்கில் சரியே. அந்நோக்கினையே நம் முன்னோர் நயம் என்றனர். ஆயினும், ஒரு நயம் தன் பகுதியைக் கூறும்போது பிறவற்றை மறுக்கலாகாது. மறுத்தால் அது துர்நயம் ஆகிவிடும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று, நொய்யலாறே சான்று. துணியில் சாயம் ஏற உப்பைச் சேர்க்கின்றனர். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. பாசனத்திற்கென 1992-இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கிற்று. வயல்களும் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. துணி தூயது என்றது பொய்யன்று. அவ்வளவே போதுமென்று ஆற்றை மறந்ததே துர்நயம்.

அதன்பின் ‘பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம்’ நடைமுறைக்கு வந்தது. கழிவிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் பயன்படுத்துகின்றனர். இது பெருநன்மையே. எனினும் ‘பூஜ்ஜியம்’ என்னும் அடையும் வெளியேறும் நீரைப் பற்றியது மட்டுமே. திடக்கழிவு எஞ்சுகிறது, நீரை ஆவியாக்க எரிபொருளும் செலவாகிறது.

ஏழு நயங்களுள் இறுதியானது ஏவம்பூத நயம். ஒரு பொருள் தன் பெயர் குறிக்கும் செயலைச் செய்யும்போது மட்டுமே அப்பெயருக்கு உரியது என்பது அதன் கொள்கை. அதன்படி, சுத்திகரிப்பு நிலையம் சுத்திகரிக்கும்பொழுதே அப்பெயர் பெறும். அதிகாரி வரும் நாளில் மட்டும் இயங்குவது ஏனைய நாட்களில் வெறுங்கட்டடமே. அகிம்சை நெறியினர் என்னும் நம் பெயரையும் இந்நயத்தால் உரைத்துப் பார்க்க வேண்டும்.

அநேகாந்தம் எதையும் எப்படியும் சொல்லிக்கொள்ள இடந்தருகிறது என்பார் உளர். அது பிழை. எந்த நோக்கில் சொல்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லும் பொறுப்பையே அது நம்மேல் சுமத்துகிறது. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென நம்பும் நமக்கு அப்பொறுப்பு பெரிது. ஆகவே விற்பவராயினும் வாங்குபவராயினும், ‘தூய’ என்னும் சொல் வருமிடத்தில் ‘எவ்வகையில்? எவ்வுயிர்க்கு?’ என்று வினவுவோமாக. விடை கூற இயலாத தூய்மையை ஏற்காதிருப்போமாக.

அறம் வளர்க!