தலைக்கு மரக்கால்... கையில் கணக்கோலை!

சுவாமிமலைக்கு அருகில் இருக்கிறது திருஆதனூர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இங்கே பள்ளிகொண்ட கோலத்தில் அருள்பாலிக்கும் பெருமாளின் திருநாமம், ஆண்டளக்கும் ஐயன். அவரைச் சேவிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கத் தவறாதீர்கள். தலைக்கு அணையாக மரக்கால். திருக்கரத்தில் ஓலையும் எழுத்தாணியும்!

உலகத்துக்கே படியளக்கிற பெருமாளுக்கு எதற்கு மரக்காலும் கணக்கோலையும்?

தலபுராணம் சொல்கிறது... ஸ்ரீரங்கத்தில் மதில் திருப்பணி செய்துகொண்டிருந்தார் திருமங்கையாழ்வார். கையிருப்பு தீர்ந்தது. வேலையாட்களுக்குக் கூலி தர வழியில்லை. அரங்கனிடம் முறையிட்டார். வணிகர் கோலத்தில் வந்தார் பெருமாள். கையில் வெறும் மரக்கால், ஓலை, எழுத்தாணி. மணலைத்தான் அளந்து போட்டார். உண்மையாக உழைத்தவர்களுக்கு அது பொன்னானது. ஏய்த்தவர்களுக்கு மணலாகவே நின்றது. மணல் கிடைத்தவர்கள் கோபத்தோடு விரட்ட, வணிகர் ஓட, ஆழ்வார் குதிரையில் பின்தொடர... வணிகராக வந்தவர் பெருமாள் என்று ஆழ்வாருக்குப் புரிந்த இடம்தான் ஆதனூர்!

வாரிக் கொடுக்கும் வல்லமை உள்ளவன்கூட, அளந்துதான் கொடுத்தான். ஓலையும் கையுமாகத்தான் வந்தான். நமக்கான பாடம் இதுதான் தோழிகளே!

உலையில் அரிசியை உழக்கால் அளந்துதான் போடுகிறோம். பணத்தை மட்டும் ஏன் அளக்காமல் விடுகிறோம்? முன்பு பர்ஸைத் திறந்து, எண்ணிக் கொடுத்தோம். கை கனம் குறைவதை மனசு உணர்ந்தது. இப்போது செல்போனைக் காட்டினால் போதும், பணம் போய்விடுகிறது. கொத்தமல்லிக்கட்டுகூட வாசலுக்கே வருகிறது. இப்படித் தினமும் 40 ரூபாய் கூடுதலாகப் போனால், வருடத்துக்கு 14,600 ரூபாய்! பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தாலிச்செயின் அடகுக்கடைக்குப் போகும்போதுதான், கரைந்த 40 ரூபாய்கள் கண்ணில் தெரியும்.

பக்தியின் பெயராலும் வீண்செலவு உண்டு. அட்சய திருதியை அன்று கடன் வாங்கியாவது ஒரு கிராம் தங்கம் வாங்கத் துடிக்கிறோம். செய்கூலி, சேதாரம், வரி, கடனுக்கு வட்டி... வாங்கியதைவிட இழப்பது அதிகமாகிவிடக்கூடாது அல்லவா? அந்நாளின் பெருமை, முதலில் தானத்தில்தான். தாகத்துக்குத் தண்ணீரும், பசிக்குத் தயிர்சாதமும் தந்தாலே புண்ணியம் வளரும்.

சரி, எப்படி அளப்பது? சம்பளம் வந்த அன்றே, பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். முதல் வரியில் சேமிப்பு. அடுத்து வாடகை, பால், மளிகை, பள்ளி, மருந்து. மிச்சம்தான் மற்றவற்றுக்கு. பிள்ளையார் சதுர்த்தி, கொலு, தீபாவளி என்று பண்டிகைகள் வரிசையாக வரும். வருடத்துக்கு அவற்றுக்கு 24,000 ரூபாய் ஆகுமென்றால், மாதம் 2,000 ரூபாயை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். ஐப்பசியில் கைமாற்று கேட்க வேண்டியிருக்காது. நோட்டை வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்க்கட்டும். பாரம் உங்கள் ஒருவர் தலையில் மட்டும் இருக்கக்கூடாது.

சிக்கனம் கஞ்சத்தனமாகிவிடாமல் இருக்கவும் வழியுண்டு. காஞ்சி மகா பெரியவர் காட்டிய பிடி அரிசித் திட்டம் நினைவிருக்கிறதா? தினமும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஏழைகளின் பசிக்குச் சேர்ப்பது. அரிசிப் பானையும் வற்றாது. ஓர் ஏழையின் வயிறும் நிறையும். உங்கள் நோட்டிலும் தர்மத்துக்கு ஒரு வரி இருக்கட்டும், சிறு தொகையானாலும்.

வருமானம் எவ்வளவு என்பது பல சமயம் நம் கையில் இல்லை. ஆனால், மரக்கால் நம் கையில்தான் இருக்கிறது. அளந்து செலவழிக்கிற கையில் மணலும் பொன்னாகும். அளக்காத கையில் பொன்னும் மணலாய் உதிரும்.

ஆண்டளக்கும் ஐயனின் அருளால், கடனில்லாத உங்கள் இல்லத்தில் மகாலட்சுமி நித்தியவாசம் செய்யட்டும்!