அயலான் கிணறும் ஆகாமிய வினையும்

ஒருவன் தன் நிலத்தினடியிற் கண்ட நீர் அவனுக்கே முற்றும் உரியதாமோ என்பது சைவ நன்மக்கள் ஆராய்தற்குரிய வினாக்களுள் ஒன்றாகும்.

இராசிபுரத்துச் சமவெளியை நோக்குக. கொல்லிமலையும் போதமலையும் அணித்தே நிற்பினும், இந்நிலம் பெரும்பாலும் மழையையும் கிணற்றையுமே நம்பியுள்ளது. ஈண்டு விளையும் குச்சிக்கிழங்கு ஏறத்தாழப் பத்துத் திங்கள் வயலில் நிற்பது. அதனைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவைத்துச் சவ்வரிசியாக்கும் ஆலைகட்கும் நீர் மிகுதியும் வேண்டும். அந்நீரைப் பாறைக்கீழிருந்து ஏற்றுவது மின்விசை. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் உழவர் அனைவர்க்கும் பாசன மின்விசை கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. மின்விசைதானும் நீரின்றி அமைவதன்று. மேட்டூர் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்தற்குடன் காவிரி நீரையும் வேண்டிநிற்கின்றது. இங்ஙனம் நீரும் விசையும் உணவும் ஒன்றையொன்று பற்றி நிற்றலின், ஒன்றில் நேர்ந்த மிகை ஏனையவற்றையும் தாக்கும்.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வழியின்றி நிலத்தடியிற் கசியும் நீரை நிலமுடையான் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள இடந்தருகின்றது. ஆனால் பாறைப் பிளவுகள் வரப்பை அறியா. ஒருவன் பல நூறடி துளைத்து இறைப்பின், அயலான் கிணறு வற்றுதல் கூடும். சட்டம் விலக்காதது அறமாகிவிடுமோ?

அயலான் கிணறு வற்றுதல் அவனது பிராரத்தம். அதற்கு நாம் என் செய்வேம் எனின், அது பொருந்தாது. பொருளிழந்தான் இழந்தது தன் பிராரத்தத்தானே எனக் கொள்ளினும், கள்வன் குற்றமற்றவனாகான். நுகர்வானுக்குப் பிராரத்தமாய் முடிந்த அதுவே செய்வானுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறர் வினையைக் காட்டித் தன் வினையை மறைத்தல் சித்தாந்தம் ஆகாது. யான் எனது என்னும் செருக்கின் சூழ்ச்சியே அது.

அறியாது செய்தேன் எனின், முதற்கண் துளைத்தவன் அங்ஙனம் கூறலாம். தன் பழங்கிணறு வறண்டமை கண்டு ஆழ்குழாய் இறக்கியவனோ, அத்துன்பத்தைத் தானே நுகர்ந்தவன்; அவனுக்கு அவ்விடை அமையாது.

ஆயினும் கடன்பட்ட உழவன் ஒருவனையே பழித்தல் நேர்மையன்று. மகாராட்டிர நாட்டார் நோன்பு நாட்களிற் பெரிதும் உண்ணும் சவ்வரிசியிற் பெரும்பகுதி சேலம், நாமக்கல் பகுதியினின்றே செல்கின்றது. உண்டி சுருக்கும் நோன்பினுள்ளும் யாரோ ஒருவனது வற்றிய கிணறு கலந்திருத்தல் கூடும். விளைப்பான், ஆலையுடையான், உண்பான், விசையளிக்கும் அரசு ஆகிய நால்வரும் இதற்குப் பொறுப்பாவர்.

செய்யத்தக்கன அரியனவல்ல. சொட்டு நீர்ப்பாசனத்தாற் சிறிது நீர் கொண்டு பயிர் வளர்க்கலாம். ஆலைக் கழிவுநீரினின்று எரிவாயு எடுத்து அதனையே எரிபொருளாக்கும் ஆலைகள் இப்பகுதியில் உள. ஏரி தூர்வாரலும், துளைக்கும் ஆழத்தை அயலாரோடு கலந்து வரையறுத்தலும் ஊரார் கையிலுள்ளன.

நீரும் தீயும் நிலனும் இறைவனுடைய எட்டு வடிவங்களுட் சேர்ந்தவை. விலையின்றி அவன் அளித்தது அளவின்றி எடுத்தற்கன்று. காலையில் விசையைத் தொடுமுன் அயலான் கிணற்றை ஒருகால் எட்டிப் பார்த்தலும் சிவபுண்ணியத்திற்கு ஒரு வாயிலாம் என்க.